வாழை இலை அரங்கின் பின்வாசல்

முன்வாசலில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். நாம் பின்பக்கமாக எட்டிப் பார்ப்போம், வாங்க! ஜொகூரின் இஸ்கண்டார் புத்திரியில் 2020இல் திறந்த சுல்தான் இப்ராஹிம் அரங்கம் இது. 40,000 பேர் உட்காரலாம். வெளிப்புறத்தை எதைப் பார்த்து வடிவமைத்தார்கள் தெரியுமா? வாழை இலையை! தலைவாழை போட்டுச் சாப்பிடும் நமக்கு இதைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்?

எனக்குக் கிறுக்குப் பிடித்தது என்னவோ தரையைப் பார்த்துத்தான். இங்கே ஆடும் ஜொகூர் டாருல் தாக்சிம் (ஜேடிடி) காற்பந்து அணியின் திடலில் இருப்பது ஸியோன் ஸோய்சியா புல். 2016 ரியோ ஒலிம்பிக்கின் கோல்ஃப் திடலில் போட்டதும் இதே ரகம். குனிந்து பாருங்கள்: ஊசிபோல மெல்லிய இலைகள், இடைவெளியே தெரியாமல் நெருக்கியடித்து நிற்கின்றன. மெதுவாக வளரும் புல் என்பதால் அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. தண்ணீரும் உரமும் மற்ற பல ரகங்களைவிடக் குறைவாகக் கேட்கும். இத்தனை பளபளப்புக்கு அடியில் இப்படி ஒரு சிக்கனம்! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

இந்தச் சிக்கனம் ஏன் பெரிய விஷயம் என்றால், மலேசியக் காற்பந்தில் காசு இறுகும்போது முதலில் நிற்பது ஆட்டக்காரரின் சம்பளம். பல அணிகள் மாநில அரசையும் ஓரிரு விளம்பரதாரர்களையும் நம்பியே ஓடுகின்றன. பருவத் தொடக்கத்தில் பெரிய சம்பளத்துக்கு ஆள் எடுப்பார்கள். பாதி வழியில் விளம்பரப் பணம் வராது. பாக்கி சேரும், உரிமம் போகும். சரவாக் யுனைடெட்டும் பக்கத்து மாநிலத்து மலாக்கா யுனைடெட்டும் 2023 பருவத்துக்கு உரிமம் பெறவில்லை. 2025-26இல் கெடாவும் பேராக்கும் சூப்பர் லீக்கில் இல்லை. ஸ்ரீ பகாங் தானாகவே விலகிக்கொண்டது.

அந்த 2023க்கு முன்பு விலகிய இன்னொரு அணியை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. அதுதான் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வேரிலிருந்து முளைத்த பெட்டாலிங் ஜெயா சிட்டி. பயிற்றுநர் பி. மணியம் உள்ளூர் ஆட்டக்காரர்களை வைத்தே பெரிய அணிகளோடு மோதினார். நம் பிள்ளைகள் கண் முன்னே வளர்ந்த இடம் அது. திரும்ப வர வேண்டும் என்று இன்றைக்கும் ஆசைப்படுகிறேன்.

உள்ளூர்க்காரர்களை நம்பினால் என்ன கிடைக்கும் என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டவருக்கு இடமில்லை. அந்த இடைவெளியில் தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால் 2009 சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010 சுசுகி கிண்ணத்தையும் வாங்கித் தந்தார்!

ஜேடிடி 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை லீக் வெற்றியாளர். 2015இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணியும் அதுதான். கிண்ண அலமாரியைவிட எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே வரிசையாக நிற்கும் இளைஞர் அணிகள். ஆட்டக்காரர் அரிஃப் ஐமான் அந்த வழியாக வந்தவர். சொந்தமாக ஆள் வளர்த்தால் சந்தையில் விலை கொடுத்து வாங்கும் செலவு குறைகிறது. இவர்களுக்கும் சோதனை வந்தது. புது அரங்கம் திறந்த சில வாரங்களிலேயே, 2020 மார்ச் 18இல், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. லீக் ஒரே சுற்றாகச் சுருங்கியது, மலேசியக் கிண்ணம் ரத்தானது. ஆட்டக்காரர்கள் சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்தார்கள். ஆனால் இங்கே அணியின் உரிமையாளரான ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயிலின் அரவணைப்பு இருக்கிறது. எல்லா மாநிலத்துக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. அதனால்தான் உரிமம் தரும்போது மட்டும் கணக்குப் பார்க்காமல், மாதா மாதம் சம்பளம் போட்ட அத்தாட்சியைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

இனி ரசிகர் பக்கம், அவர்கள் பாக்கெட்டையும் பார்ப்போம்! 2024 பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலர் கிட்டத்தட்ட 4.80 வெள்ளியைத் தொட்டது. 1998க்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு விழுந்ததில்லை. ஆனால் ஜொகூர் பாருவில் இதற்கு இரண்டு முகம். பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்ப்பவருக்கு அங்கத்திய ஒரு வெள்ளி இங்கே மூன்றரை வெள்ளிக்கு மேல் ஆனது. இங்கேயே சம்பளம் வாங்குகிறவருக்கோ அரிசியும் கோழியும் ஏறியதுதான் மிச்சம். ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கொண்டாட்டம், தம்பிக்குக் கணக்கு!

அதற்காகத் தம்பி ஆட்டத்தை விட்டுவிடுவாரா? ஸ்கூடாயிலிருந்தும் மாசாயிலிருந்தும் நாலு பேர் ஒரே காரில் ஏறி, பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வீட்டிலேயே சாப்பிட்டுக் கிளம்புவார்கள். புது ஜெர்சி எடுக்க முடியாவிட்டால் பழைய பருவத்து ஜெர்சியைப் பெட்டியிலிருந்து உருவுவார்கள். டிக்கெட்டுக்கும் வழியில்லாத வாரம் மாமாக் கடை இருக்கிறது: பெரிய திரை, ஒரு தே தாரிக், கடைசி விசில் வரை இடம். கோல் விழுந்ததும் பக்கத்து மேசை மலாய்க்காரரும் சீனரும் நம்மவர் தோளைப் பிடித்துக் குலுக்குவார்கள். மேசையில் தே தாரிக் சிந்தும், கடைக்காரரும் சேர்ந்து கத்துவார்!