உக்கிராணக்காரனின் கணக்கு

தமிழ் வேதாகமம் வாசித்து வளர்ந்தவர்களுக்கு ‘உக்கிராணக்காரன்’ பழகிய சொல். எஜமானின் சரக்கறைக்கும் கணக்குக்கும் பொறுப்பாளி. லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் அப்படி ஒருவன் வருகிறான். சொத்தை வீணாக்குகிறான் என்று அவன் மேல் புகார். கணக்கை ஒப்படை என்கிறார் முதலாளி. வேலை போவதற்குள் அவன் கடன்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நூறு என்றிருந்த எண்ணெய்க் கடனை ஐம்பதாக்குகிறான். நூறு என்றிருந்த கோதுமைக் கடனை எண்பதாக்குகிறான். முதலாளியோ அவனுடைய புத்தியை மெச்சுகிறார். பிரசங்கியார்களையே திணறடிக்கும் உவமை இது.

இதே கதையை ஒரு மேலாண்மை வகுப்பில் வைத்துப் பாருங்கள். தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் யாருக்கு இருந்தது? ஐம்பதாவது வந்து சேரட்டும் என்பது நட்டமா, வசூலா? அவன் விட்டுக்கொடுத்தது முதலாளியின் பணமா, தன் கமிஷனா? அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் ஆன்லைனில் நடத்தும் எம்.பி.ஏ. படிப்புகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவன்தான் கண்முன் வருகிறான். அந்தப் படிப்புகளின் அடிநாதமே உக்கிராணத்துவம்தான். கையிலிருக்கும் பணம், ஆள், நிலம், நேரம் எதுவும் நமக்குச் சொந்தமல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. ஒருநாள் கணக்குக் கேட்கப்படும் என்பது அதன் சாரம்.

படிப்பின் அமைப்பு எளிது. பெரும்பாலான இடங்களில் 36 கிரெடிட் அல்லது அதையொட்டி இருக்கும். ஒரு பாடம் ஏழெட்டு வாரம். அது முடிந்ததும் அடுத்தது. கணக்கியல், நிதி, சந்தை, மனிதவளம் என எந்த எம்.பி.ஏ.விலும் இருப்பவை இங்கேயும் உண்டு. குறித்த நேரத்தில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. விரிவுரையைப் பார்த்து, வாரக் கேள்விக்குப் பதில் எழுதி, சக மாணவர் எழுதியதற்கு மறுமொழியும் எழுத வேண்டும். சேர்பவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருப்பவர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறக்கிறவர்கள்.

இது இணையத்தோடு பிறந்த யோசனையும் அல்ல. வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் 1971-இல் பாப்டிஸ்ட் போதகர் ஜெரி ஃபால்வெல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய லிபர்டி பல்கலைக்கழகம். 1985-இலேயே அது பாடங்களை வீடியோ கேசட்டில் பதிவுசெய்து தபாலில் அனுப்பத் தொடங்கியது. இன்று அங்கே ஆன்லைனில் படிப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பாடங்கள் ஒன்றே என்றால் ‘கிறிஸ்தவப் பார்வை’ எங்கே நுழைகிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும்.

1970-ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு செப்டம்பரில் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சட்டத்துக்கும் சமூக ஒழுங்குக்கும் உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்பது அவர் வாதம். அதே ஆண்டில், ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப், தலைவன் என்பவன் முதலில் பணிவிடைக்காரன் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். சீடர்களின் காலைக் கழுவிய இயேசுவைப் பற்றிப் பேசும் கல்லூரிகள் கிரீன்லீஃபை இரு கை நீட்டி வரவேற்றதில் வியப்பில்லை. ஃப்ரீட்மனுக்கு நேரடியாகப் பதில் சொன்னவர், சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழக வணிகப் பள்ளியை நடத்திய ஜெஃப் வான் டூசர். சமுதாயம் செழிக்கத் தேவையான பொருளையும் சேவையையும் தருவது, மனிதருக்கு அர்த்தமுள்ள வேலை தருவது, இவ்விரண்டுக்காகவே வணிகம். லாபம் அதற்கு வழியே தவிர முடிவல்ல என்று 2010-இல் வந்த தன் நூலில் அவர் வாதிட்டார்.

இந்த இடத்தில் நம் மொழி ஒரு உதவி செய்கிறது. சபையில் ‘ஊழியக்காரர்’ என்றால் போதகர். அலுவலகத்தில் ‘ஊழியர்’ என்றால் மாதச் சம்பளக்காரர். ஒரே வேர்; ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்தையும் திங்கட்கிழமை ஊழியத்தையும் நாம் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. செருப்புத் தைப்பவன் வேலையும் குருவின் வேலையும் ஒருபோலக் கடவுளின் அழைப்பே என்று மார்ட்டின் லூதர் வற்புறுத்தினார். தொழிலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘பெரூஃப்’ அழைப்பையும் குறிக்கும். இந்தப் படிப்புகள் உள்ளபடி கற்பிக்க விரும்புவது இந்த இணைப்பைத்தான்.

விரும்பினால் போதுமா? வாரத் தொடக்கத்தில் ஒரு வசனம், முடிவில் ஒரு ஜெபம், நடுவில் வழக்கமான பாடம் என்றிருந்தால் அது முலாம்தான். பார்வை எண்களுக்குள் இறங்க வேண்டும். லேவியராகமம் 19-இல் ஒரு கட்டளை இருக்கிறது: வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு. வேதாகமத்தில் வரும் விதவை ரூத் பிழைத்தது அப்படித்தான். நம் வயல்களிலும் அறுப்பு முடிந்ததும் கதிர் பொறுக்க வருபவர்களைத் துரத்தாத வழக்கம் இருந்தது. நிதிப் பாடத்தில் இது எவ்வளவு கூர்மையான கேள்வி! நட்டமடையாமல் எத்தனை சதவீத ஓரத்தை அறுக்காமல் விடலாம்? யாருக்கு விடுவது? அதை விட்ட மேலாளரை முதலீட்டாளர் பொறுப்பாரா? அட்லாண்டா அருகே 1946-இல் சிற்றுண்டிக் கடை திறந்த ட்ரூயட் கேத்தி, ஞாயிறு விடுமுறை என்று முடிவு செய்தார். அதிலிருந்து வளர்ந்த சிக்-ஃபில்-ஏ உணவகங்கள் இன்றும் ஞாயிறன்று மூடியிருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் விற்பனையை வேண்டாமென்று விட்ட கணக்கு அது.

இன்னும் கனமான உதாரணம் ஒன்று உண்டு. ஜான் வெஸ்லி 1760-இல் வெளியிட்ட ‘பணத்தின் பயன்பாடு’ என்ற பிரசங்கத்தில் சம்பாதிப்பதை ஊக்குவித்தார். சேமிப்பையும் கொடுப்பதையும் சேர்த்தே சொன்னார். ஆனால் அயலானின் உடலையோ பிழைப்பையோ கெடுக்கும் சம்பாத்தியம் கூடாதென்று கோடு கிழித்தார். சாராயம் விற்பவர்களைக் கடுமையாகச் சாடினார். அவர் வழிவந்தவர்களே அமெரிக்காவில் அடிமை வைத்திருப்போரைச் சபையில் சகித்துக்கொண்டபோது, பொறுக்காமல் 1843-இல் பிரிந்தவர்கள் உருவாக்கியதுதான் வெஸ்லியன் சபை. அந்தச் சபையின் இந்தியானா வெஸ்லியன் பல்கலைக்கழகமும் இன்று ஆன்லைனில் எம்.பி.ஏ. நடத்துகிறது. அங்கே படிப்பவருக்குப் பாடநூலைவிடப் பெரிய பாடம் அந்தச் சபையின் பிறப்பிலேயே இருக்கிறது.

கற்பிக்கும் நிறுவனத்தின் கணக்கையும் கேட்கத்தான் வேண்டும். அரிசோனாவில் 1949-இல் பாப்டிஸ்டுகள் தொடங்கிய கிராண்ட் கேன்யன் கல்லூரி பணநெருக்கடியில் சிக்கி 2004-இல் முதலீட்டாளர் கைக்குப் போனது. 2008-இல் பங்குச் சந்தையில் ஏறியது. 2018-இல் மீண்டும் லாப நோக்கற்றதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. அதை ஏற்க அமெரிக்கக் கல்வித் துறை மறுத்தது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே, ஆய்வுப் பட்டத்துக்கு ஆகும் செலவை மாணவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று 2023-இல் அத்துறை 3 கோடியே 77 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பல்கலைக்கழகம் குற்றச்சாட்டை முற்றிலும் மறுத்தது. 2025-இல் அபராதம் கைவிடப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். லாபம், அறக்கட்டளை, கட்டணம், வெளிப்படைத்தன்மை எல்லாம் ஒரே இடத்தில் கூடும் இந்த வழக்கையே ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கலாம் என்பேன்.

கத்தோலிக்க மரபு வேறு பாதையில் வந்தது. தொழிலாளிக்கு வாழப் போதுமான கூலி வேண்டும் என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் அதன் ஆணிவேர். இயேசு சபையார் 1949-இல் ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைப் பள்ளியையும், 1979-இல் சென்னை லயோலா வளாகத்தில் லிபா மேலாண்மைப் பள்ளியையும் தொடங்கியது இந்த மரபில்தான். வேறு மதத்தவர் பலரும் படித்துப்போகும் இடங்கள் அவை. அமெரிக்க ஆன்லைன் படிப்புகள் பலவற்றிலும் மாணவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை; ஆசிரியர்கள்தான் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

இங்கிருந்து சேர நினைப்பவர் பணம் கட்டுவதற்கு முன் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்காவில் முறையான அங்கீகாரம் இருக்கிறதா. ஆன்லைனில் பெறும் அந்தப் பட்டம் இந்தியாவில் தாம் நினைக்கும் வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லுமா. இரண்டாவதைப் பல்கலைக்கழகத்தின் விற்பனைப் பிரிவிடம் கேட்காதீர்கள். வேலை தரப்போகிறவரிடமும் யுஜிசியிடமும் கேளுங்கள்.

பிறகு நெறியியல் பாடத்தின் பாடத்திட்டத்தைக் காட்டுவார்கள்; அதில் வசனம் நிறைய இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, நிதிப் பாடத்தின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் வயலின் ஓரம் எங்கேயாவது தென்படுகிறதா என்று தேடுங்கள்.