கூடாரத்தோடு பலிபீடமும்

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் செல்வது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. மாற்றல் உத்தரவு, புதிய வேலை, மக்களின் மேற்படிப்பு எனக் காரணங்கள் பல. தஞ்சையிலிருந்து பெங்களூர் ஓர் இரவுப் பயணமே. ஆயினும் மாநில எல்லையைக் கடந்ததும் மொழி மாறுகிறது, அலுவலகங்கள் மாறுகின்றன, பங்கும் மாறுகிறது. ஆகவே சாமான்களைக் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

உலக காரியங்கள்

பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைப் பெறும்போதே, புதிய பள்ளி கல்வி அலுவலரின் மேலொப்பத்தைக் கேட்குமா என விசாரித்தல் நலம். எரிவாயு உருளையையும் ரெகுலேட்டரையும் விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து, முன்பணத்தையும் மாற்றுச் சீட்டையும் பெற வேண்டும். வண்டி 12 மாதங்களுக்கு மேல் வேற்று மாநிலத்தில் இருக்குமாயின், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்; அதற்கு இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற, 2022 ஆகஸ்டு முதல் படிவம் 8 பயன்படுகிறது.

இவற்றில் எதையும் நாம் மறப்பதில்லை. மறந்தால் அபராதம் உண்டு. அபராதம் இல்லாத ஒன்றையே மறந்துவிடுகிறோம்.

பங்கிலிருந்து விடைபெறல்

எத்தனை மாநிலம் மாறினாலும் நமது திருமுழுக்குப் பதிவு இடம் மாறுவதில்லை. பின்னாளில் பெறும் உறுதிபூசுதலும் திருமணமும் திருமுழுக்கு பெற்ற கோவிலின் பதிவேட்டிலேயே ஓரக் குறிப்பாக எழுதப்படுகின்றன. எனவே ஒவ்வொருவரும் எந்தக் கோவிலில், எந்த நாளில் திருமுழுக்கு பெற்றனர் என்பதைக் குறித்து, சான்றிதழ்களையும் பங்குத்தந்தையின் அறிமுகக் கடிதத்தையும் கையோடு எடுத்துச் செல்வோமாக. இருபது ஆண்டுகளுக்குப் பின் மகளின் ஓலை வாசிக்கும் வேளையில், பதிவு எங்கே என்று தேடி அலையும் துன்பம் அப்போது நேராது.

கடைக்காரருக்குத் தர வேண்டியதைத் தீர்த்துவிடுவோம். மனத்தாங்கல் கொண்ட அயலாரோடு சமாதானம் செய்வோம். நவம்பர் 2-ஆம் நாளில் நம் முன்னோரின் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றும் பொறுப்பை உறவினர் ஒருவரிடம் ஒப்படைப்போம்.

புதிய ஊரில்

நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் குடியேறும் இடத்தின் பங்குத்தந்தையே, 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, நமது மேய்ப்பராகிறார். ஆனால் நாமே சென்று சொல்லாவிடில், வந்த ஆட்டை மேய்ப்பர் எவ்வாறு அறிவார்? ஆதலின் முதல் ஞாயிறன்றே குடும்பமாகச் சென்று பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். வீடு ஒழுங்காகட்டும், பிறகு பார்ப்போம் எனத் தள்ளிய வாரங்கள் மாதங்களாகும், மாதங்கள் ஆண்டுகளாகும். பூசையின்றி வளர்ந்த பிள்ளைகளை மீண்டும் கோவிலுக்கு அழைத்து வருதல் எளிதன்று.

மொழியும் ஒரு சிலுவையே. வேலைக்குச் செல்வோரும் பள்ளிப் பிள்ளைகளும் விரைவில் கன்னடம் பேசிவிடுவர். வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கும் வயோதிகப் பெற்றோருக்கும் பேச ஓர் ஆள் கிடைப்பதே அரிது. பெங்களூர் சிவாஜிநகரிலுள்ள தூய மரியன்னைப் பேராலயத்தில் தமிழ்த் திருப்பலி நடைபெறுகிறது; வேறு சில கோவில்களிலும் உண்டு. அங்கே அவர்களை அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை. எனினும் தமிழ்ப் பூசையைக் காரணம் காட்டி, குடியிருக்கும் பங்கிற்கு அந்நியராக இருந்துவிடலாகாது. மண்ணின் மொழியைக் கற்பது அம்மண்ணின் மக்களுக்கு நாம் செய்யும் மரியாதை. வீட்டிலோ, மாலைச் செபமாலை தமிழிலேயே ஒலிக்கட்டும். பிள்ளைகள் தாய்மொழியில் செபிக்கக் கற்கும் பள்ளி அதுவே.

தேவ அழைப்பை ஏற்று மனைவியோடும் உடைமைகளோடும் புறப்பட்ட ஆபிரகாம், பெத்தேலுக்கருகில் கூடாரம் அடித்தபோது, அங்கேயே ஆண்டவருக்குப் பலிபீடமும் எழுப்பினார் என ஆதியாகமம் 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. புதிய வீட்டில் பாத்திரங்களை அடுக்குமுன் திருஇருதயப் படத்தை மாட்டி, அதன்முன் குடும்பமாக முழந்தாளிடுவோம். அந்த வீடு அன்றே நமது வீடாகும்.