ஊரே சேர்ந்து கேட்ட இசைத்தட்டு

தாமஸ் ஆல்வா எடிசன் 1877இல் உருவாக்கிய போனோகிராப் ஒலியை உருளையில் பதித்தது. எமில் பெர்லினர் 1887இல் உருளையை விடுத்துத் தட்டையான வட்டில் பதித்ததால், ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகள் எடுக்கும் வழி பிறந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியவை பதிவானதும் இந்தியாவில் இசைத்தட்டு வணிகம் வேரூன்றத் தொடங்கியது. அந்தத் தட்டுகளுக்கு மூலப்பொருளான அரக்கும் பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் வரிப்பள்ளத்தில் எஃகு முள் ஓடும்போது எழும் அதிர்வை மெல்லிய தகடொன்று வாங்கி, புனல் வழியாக ஒலியாக வெளியிடும். சாவி கொடுத்து இயக்கிய கிராமபோன் பெட்டிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை என்றாலும், பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடியதால், விரித்துப் பாட வேண்டிய கீர்த்தனைகளை வித்வான்கள் சுருக்கிப் பாட நேர்ந்தது. நாடக மேடையையே கண்டிராதவர்களும் நாடகக் கலைஞர்களான எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரலையும் கே.பி.சுந்தராம்பாளின் குரலையும் அறிந்தது இத்தட்டுகளால்தான்.

ஆயினும் தனி வீட்டில் கிராமபோன் வாங்க வசதியுள்ளோர் சிலரே. திண்டுக்கல் சமவெளியில் இசைத்தட்டைப் பொதுச்சொத்தாக்கிய பெருமை, ‘ரேடியோ செட்’ என்று மக்கள் அழைத்த வாடகை ஒலிபெருக்கிக்கே உரியது. தட்டுச் சுழற்றி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், மரத்தின் உச்சியில் கட்டப்பட்ட குழாய் ஆகியவை சேர்ந்த இந்த அமைப்பு, மின்சாரம் எட்டாத ஊர்களிலும் பேட்டரியால் இயங்கி, காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் திருவிழா எதுவானாலும் செய்தியைப் பாட்டாகவே அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அறிவித்தது. தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் பக்தர்களுக்கு, சீர்காழி கோவிந்தராஜன், டி.எம்.சௌந்தரராஜன் ஆகியோரின் முருகன் பாடல்கள் வழித்துணையாயின.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், காந்தப் பூச்சுள்ள நாடாவில் ஒலியைப் பதித்ததோடு, கேட்பவரையே தொகுப்பாளராகவும் ஆக்கியது. விருப்பப் பாடல்களின் பட்டியலைக் கடையில் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட நாடாவில் பதிந்து வாங்கும் பழக்கம் எண்பதுகளில் ஊர்தோறும் பரவியது. 1979இல் வந்த வாக்மேன் இசையைத் தனியொருவர் காதுக்குள் அடக்கியது. 1982இல் குறுந்தகடும் அதன்பின் எம்பி3யும் கைப்பேசியும் அந்தத் தனிமையை முழுமையாக்கின. வசதி பெருகியது உண்மை; எனினும், வெவ்வேறு தெருவினர் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்ட அனுபவம் குறைந்துபோனது இழப்பே. அதேவேளை, இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியைத் தடுக்கும் 2000ஆம் ஆண்டு விதிகள் நோயாளிகளையும் மாணவர்களையும் காப்பதால், அவற்றைக் குறைசொல்ல இடமில்லை.

பழைய அரக்குத் தட்டுகள் வைத்திருப்போர் அவற்றை அடுக்கி வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, வெயிலும் ஈரமும் படாமல் காப்பதோடு, இயன்றால் எண்ணிமப் படியெடுத்தும் வைக்க வேண்டும். உடைந்த தட்டை ஒட்டினாலும் பாட்டு பழையபடி ஒலிக்காது.