கறை எங்கே இருக்கிறது?

பல்லில் கறை என்றதும் எலுமிச்சைச் சாறும் உப்பும், கரித்தூள், செங்கல் பொடி என்று கைவைத்தியம் சொல்ல வீட்டுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கறை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்தான் இல்லை. டீ, வெற்றிலைப் பாக்கு, பீடி ஆகியவை விடும் கறை பல்லின் மேற்பரப்பில் படிகிறது. ஈறோரம் கெட்டித்துக் கிடக்கும் காரை வேறு; சரியாகத் துலக்காததால் தங்கிய கிருமிப் படலம் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகியது அது. மூன்றாவது வகை பல்லுக்குள்ளேயே இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலருடைய பல்லில் காணும் பழுப்புப் பட்டைகள், நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடால், சிறுவயதில் பல் உருவாகும்போதே விழுந்தவை. எந்தப் பொடியும் அவற்றைத் தொடாது. வருகிற தலைமுறைக்குக் கறை விழாமல் தடுப்பது நல்ல தண்ணீர் ஒன்றுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதன் நோக்கமும் அதுவே.

மேற்கறையைக் கரித்தூளும் உப்பும் எடுப்பது உண்மைதான். ஆனால் கூடவே எனாமலையும் சுரண்டுகின்றன. எனாமலில் உயிரணுக்கள் இல்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான். பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் அளவோ 2 முதல் 3 வரை. புளிப்பில் இளகிய பரப்பை உப்புக்கல்லால் தேய்த்தால் முதலில் பளிச்சென்றுதான் இருக்கும். எனாமல் மெலிய மெலிய, அடியிலுள்ள டென்டின் தெரியும். அதன் இயல்பு நிறமே மஞ்சள். வெண்மைக்காகத் தேய்த்தவருக்கு மஞ்சளும் பல் கூச்சமும் மிஞ்சும்.

ஈறு விஷயத்தில் ஆபத்து வேறு விதம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் வீக்கம் சற்றுத் தணியும். கிராம்புத் தைலம் பல்வலியைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும். ஆனால் இரண்டாலும் காரையைக் கரைக்க முடியாது. காரை இருக்கும்வரை அழற்சி உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கும். ஈறில் ரத்தம் கசியும் கட்டத்திலேயே சுத்தம் செய்தால் முழுதும் குணமாகும். போன எலும்பு தானாகத் திரும்பாது. புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகத் தெரிவதால் நோய் மறைந்தே வளரும். சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும்; கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வர விடாது.

‘பாட்டன் சாம்பலால் துலக்கிக் கெட்டிப் பல்லோடு வாழ்ந்தாரே’ என்பார்கள். அன்று இவ்வளவு சர்க்கரையும் மிட்டாயும் இல்லை. பொக்கை வாயோடு வாழ்ந்த பாட்டன்களை நாம் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. மென்று தும்பாக்கிய வேப்பங்குச்சியை அழுத்தாமல் தேய்த்தால் கெடுதலில்லை. ‘கிளீனிங் செய்தால் பல் ஆடும்’ என்பது இன்னொரு பயம். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகின்றன. நோய் செய்ததற்குப் பழி மருத்துவர்மேல் விழுகிறது.

பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தடை இருக்கிறதே என்று நம்பிவிடாமல் உறையில் சேர்மானங்களைப் படித்தே வாங்க வேண்டும். ‘ஏழே நாளில் வெண்மை’ என்று பொய் விளம்பரம் செய்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். செலவுக்கு அஞ்சுவோருக்கு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தனியாரிடம் போனால், மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பது நோயாளியின் உரிமை. மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பற்பசை, காலையும் இரவும் துலக்குதல்: வீட்டு வைத்தியம் இவ்வளவே. ரத்தக் கசிவோ, ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். புகையிலை போடுபவருக்கு அது வாய்ப்புற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம்.