அராஜகமும் அரசுமறுப்பும்: எல்லைப்புறச் சொல்லாட்சி குறித்த ஒரு நோக்கு

1. முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. இரு மொழிகளுக்கும் பொதுவான வடசொற்கள் இத்தகைய பகுதிகளில் மொழிபெயர்ப்பாளர்க்குத் துணைபோல் தோன்றி இடறச் செய்வதும் உண்டு. 'அராஜகம்' அத்தகையதொரு சொல்.

2. ஒரு சொல், இரு பொருள்

அரசன் இல்லாத நிலை என்பதே இதன் மூலப்பொருள். தயரதன் மறைந்தபின் அரசனில்லா நாட்டுக்கு நேரும் கேடுகளை வான்மீகியின் அயோத்தியா காண்டம் அடுக்கிக் கூறுகிறது. ஆகவே தொடக்கம் முதலே இச்சொல் அச்சத்தின் சாயலைக் கொண்டுள்ளது. மலையாளத்தில் 'அராஜகத்வம்' ஒழுங்கின்மையையும், 'அராஜகவாதி' அரசை ஏற்காத கொள்கையினனையும், கட்டுக்கடங்கா வாழ்க்கை நடத்தும் கலைஞனையும் குறிக்கும். தமிழிலோ அச்சொல் அட்டூழியம் என்னும் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. 'காவல்துறையின் அராஜகம்' என்னும் தொடரில் தமிழர் முரண் எதனையும் உணர்வதில்லை. ஆட்சியின் இன்மையைச் சுட்டிய சொல் ஆட்சியின் அத்துமீறலையே சுட்டலாயிற்று.

3. சிந்தனைப் பின்னணி

அரசைக் காட்டிலும் தனிமனிதனின் மனச்சான்றும் விருப்பமுமே முதன்மையானவை என்பது தனிமனித அரசுமறுப்பின் சாரம். 1844இல் நூல் வெளியிட்ட ஸ்டிர்னர் விருப்பத்தையும், 1849இல் கட்டுரை வெளியிட்ட தோரோ மனச்சான்றையும் முன்வைத்தனர். ஸ்டிர்னரிடம் போர்மறுப்பு இல்லை. டால்ஸ்டாயிடமோ இரண்டும் பிரிக்கவியலாதன. அரசு வன்முறையால் நிற்பது. வன்முறையை விலக்குவோன் அரசையும் விலக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

காந்தியடிகள் 1916இல் காசிப் பல்கலைக்கழக விழாவில் தம்மையும் ஓர் அனார்க்கிஸ்ட் என்றே கூறி, ஆயினும் தாம் வேறு வகையினர் என விளக்கினார். அக்காலத்தில் அச்சொல் வெடிகுண்டை நம்பிய புரட்சியாளரைக் குறித்தது. அந்தக் கடுமையை ஏற்றுக்கொண்டே அவர் வேறுபட்டமையால் அவ்விடத்தில் 'அராஜகவாதி' என்பது பொருந்தும். 1939இல் அவர் இலட்சியமாகக் காட்டியதோ, ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஆளும் அறிவார்ந்த நிலை. அதனையும் அராஜகம் என்று பெயர்த்தால் தமிழ் வாசகர் கொள்ளும் பொருள் நேர் எதிரானதாகிவிடும்.

4. நெய்யாற்றின்கரைச் சான்று

நெய்யாற்றின்கரையில் 1904இல் பிறந்த ஜி. இராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்று காந்தியடிகளைப் பின்பற்றினார். 1947இல் சௌந்தரத்துடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். படையின்றி அமைதி காக்கும் சாந்தி சேனைப் பயிற்சி அங்கு இடம்பெற்றது. அவரே திருவிதாங்கூர் அமைச்சராகவும், 1964 முதல் 1970 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராகவும் பணியாற்றினார் என்பது நோக்கத்தக்கது. அரசை உடனே அகற்றுவதன்று, அதன் தேவையைப் படிப்படியாகக் குறைப்பதே இம்மரபின் நோக்கம். அவரை 'அராஜகவாதி' எனத் தமிழில் எழுதுவது அவதூறாகவே முடியும்.

5. சொல்லாக்கம்

தமிழ் இலக்கணம் இங்குத் துணைநிற்கிறது. 'இன்மை' ஒன்று இல்லாதிருத்தலைக் காட்டும். 'மறுத்தல்' கருதிச் செய்யும் செயலைக் காட்டும். எனவே நிலையை 'அரசின்மை' என்றும், கொள்கையை 'அரசுமறுப்பு' என்றும் பிரித்து வழங்கலாம். பசிஃபிசம் என்பதற்குச் 'சமாதானவாதம்' எனின் விட்டுக்கொடுத்தல் என்னும் சாயல் சேரும். 'அமைதிவாதம்' எனின் வாளாவிருத்தல் எனக் கருத இடமுண்டு. 'போர்மறுப்பு' இவ்விரண்டையும் தவிர்க்கும். 'அகிம்சை' போரையும் கடந்து அன்றாட வாழ்வு முழுவதையும் தழுவுவதாதலின் அதற்கு ஈடாகாது.

6. முடிவுரை

ஒலியால் ஒன்றாயினும் இரு மொழிகளில் இச்சொல்லின் பொருள் வேறு. மலையாளப் பனுவலின் 'அராஜகவாத'த்தை எழுத்துமாற்றி அமைத்துக்கொள்வது மொழிபெயர்ப்பாகாது. வன்முறையை மறுத்தோர்மேல் வன்முறைப் பழியைச் சுமத்தாதிருக்க, சொல்லைப் பெயர்க்குமுன் அதன் இன்றைய வழக்கை ஆராய்தல் இன்றியமையாததாகும்.