பலாலி இருக்கக் கட்டுநாயக்க

(தொடர் – 9)

ரொறன்ரோவுக்கு எடுக்கிற டிக்கெற்றில் பயணம் கொழும்பில் தொடங்குவதாகப் போட்டிருக்கும். சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ இருந்து பிள்ளையைப் பார்க்க வெளிக்கிடும் தாய்க்கு, அதற்கு முன்பே பாதி உடம்பு அடிபட்டுவிடுகிறது. விடியப்புறம் நாலு மணி விமானம் என்றால், முதல்நாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு வானில் ஏற வேண்டும். ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எட்டு, ஒன்பது மணித்தியாலம் காலைத் தொங்கப் போட்டபடி இருந்து கட்டுநாயக்க விமானநிலையத்தில் இறங்கும்போது செருப்புக்குள் கால் போகாது. அதன் பிறகுதான் வளைகுடாவுக்கு ஐந்து மணித்தியாலப் பறப்பு, அங்கே காத்திருப்பு, பிறகு கனடாவுக்கு இன்னும் 14 மணித்தியாலம்.

இடைத்தங்கல் பற்றி இளம் ஆட்கள் சொல்வது வேறு. அவர்களுக்குக் கடைகள் உண்டு, போன் உண்டு. வயது போனவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் கேட்பதில்லை. டோகா விமானநிலையத்தின் நடுவில் ஏழு மீற்றர் உயரத்தில் ஒரு மஞ்சள் கரடிச் சிலை இருக்கிறது. “அம்மா, அந்தக் கரடிக்குப் பக்கத்திலை இருங்கோ, எழும்பி எங்கையும் போகாதேங்கோ” என்று கனடாவிலிருந்து மகன் சொன்னால், அம்மா அப்படியே இருப்பார். சேலைக்கு மேலே ஒரு தடித்த ஜக்கெற். மடியில் கைப்பை. அதற்குள் கடவுச்சீட்டு, பிரஷர் குளிசை, பேரப்பிள்ளை பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த ஒரு துண்டு. சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்ட பெடியன் திரும்பி வரும்வரை அசையப் பயம். எழும்ப வேண்டி வந்துவிடும் என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதுதான் ஆபத்து. நீர் குறைந்து, கால் அசையாமல் மணிக்கணக்காக இருந்தால் காலில் இரத்தம் கட்டியாகும். அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே மோசம். அம்மாவை அனுப்புகிற பிள்ளைகள் சொல்ல வேண்டியது, “தண்ணி குடியுங்கோ, இடைக்கிடை எழும்பி நடவுங்கோ” என்பதைத்தான்.

ஏன் இவ்வளவு காத்திருப்பு? வளைகுடா நிறுவனங்கள் நாலு திசையிலிருந்தும் விமானங்களை ஒரே நேரத்தில் அலையலையாக இறக்கி, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மறுபடி ஏற்றிவிடுகின்றன. அந்த அலையைப் பிடிக்கிற டிக்கெற் விலை கூட. மலிந்த டிக்கெற் அடுத்த அலை வரும்வரை இருத்திவிடும். பிள்ளைகள் மிச்சம் பிடிக்கிற நூறு, இருநூறு டொலரைத் தாய்தகப்பன் நாரியால் கட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் ஓடுபாதை வீட்டு வாசலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி அது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் சேவை இரத்மலானையிலிருந்து மதராசுக்குப் போனபோதே, காங்கேசன்துறை என்ற பெயரில் இங்கே இறங்கித்தான் போனது. போருக்குப் பிறகு, 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா மூடியது. 2022 டிசெம்பர் 12இல் சென்னை விமானம் திரும்ப வந்தது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. 2025 மார்ச் முடிவில் திருச்சிக்கும் வழி திறந்தது. சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம்தான்.

பெரிய விமானம் இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். நீட்டுவதென்றால் காணி வேண்டும். அதனால் இதில் நான் அவசரப்பட மாட்டேன். 1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த துணியோடு எழும்பியது. பலாலி, மயிலிட்டி, கட்டுவன் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. கொஞ்சம் கொஞ்சமாக விட்டாலும், சொந்த வளவை இன்னும் மிதிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர்தான் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிஸிலும் இருப்பது. தாயின் பயணத்தைச் சுருக்கத் தகப்பனின் காணியைக் கொடுக்கச் சொல்வதா? சம்மதமும் நியாயமான இழப்பீடும் இல்லாமல் ஒரு பரப்புக்கூட எடுக்கக் கூடாது.

ஓர் அடி நீட்டாமலே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. இன்று பலாலி–சென்னை ஒரு டிக்கெற், சென்னை–ரொறன்ரோ வேறொரு டிக்கெற் என்று எடுத்தால், சென்னையில் குடிவரவைத் தாண்டிப் பெட்டிகளை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசாவும் வேண்டும். இரண்டு 23 கிலோப் பெட்டியோடு எழுபது வயதில் இதை யார் செய்வது? ஆகவே வான் பிடித்துக் கட்டுநாயக்கவுக்கே போகிறார்கள். பலாலியில் கொடுத்த பெட்டியை ரொறன்ரோவில் எடுக்கும்படியான ஒற்றை டிக்கெற், யாழ்ப்பாணத்து எந்த முகவரிடம் கேட்டாலும் கிடைக்க வேண்டும். சென்னையில் அடுத்த விமானம் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் புறப்படும்படி நேரம் பொருந்த வேண்டும். நிறுவனங்கள் தமக்குள் உடன்பட்டால் ஆகிற வேலை இது. கோயிலுக்கும் பாடசாலைக்கும் காசு சேர்க்கத் தெரிந்த எங்கள் புலம்பெயர் சங்கங்கள், இதையும் ஒரு கோரிக்கையாக எழுதி அந்த நிறுவனங்களிடம் கொடுக்கட்டும்.

காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் பற்றி அடுத்த கிழமை.