நாய்க்கு ஆயில் சர்வீஸ்!

தாராவி, சயான் பக்கம் கேரேஜ் வாசலில் படுத்திருக்கும் நாய் சில சமயம் இரண்டு நிறமாகத் தெரியும். முதுகு கன்னங்கரேல், மற்ற இடமெல்லாம் அதன் சொந்த நிறம். சொறி பிடித்த இடத்தில் வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பூசியிருப்பார்கள்.

வண்டியோடு பிழைப்பவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் வண்டிதான். ஸ்கூட்டர் கழுவும் சோப்புத் தூளிலேயே நாய்க்கும் குளியல். பின்னங்காலால் சொறிந்தால் "கிக்கர் அடிக்கிறது" என்பார்கள். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தால் "ரேடியேட்டர் சூடாகிவிட்டது" என்பார்கள்.

இந்த ரேடியேட்டர் பேச்சில் உண்மை இருக்கிறது. நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மே மாத வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்தில் கட்டிப்போட்டால் உயிரே போய்விடும்.

ஆயில் சமாசாரம் அப்படியல்ல. சொறி ஒன்றும் துரு அல்லவே! பெரும்பாலும் அது தோலைத் துளைக்கும் நுண்ணிய பூச்சியால் வருவது. டாக்டர் தரும் மருந்தில் குணமாகும். ஆயில் பூசினால் தோல் வெந்து புண்ணாகிறது. நாய் அதை நக்கும்போது உலோகத் துகளும் ரசாயனமும் வயிற்றுக்குள் போய்ச் சேருகின்றன.

டாக்டருக்கு எங்கே போவது? பரேலில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பிராணிகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. 'பைல் கோடா' ஆஸ்பத்திரி என்றால் டாக்ஸிக்காரருக்குத் தெரியும். பைல் என்றால் காளை. கோடா என்றால் குதிரை. பொருத்தமான பெயர்தான். 1874 முதல் 1905 வரை இந்த ஊரில் டிராமை இழுத்தது குதிரைதான். அன்று பிராணியே வண்டி. லாடம் அடிப்பதே சர்வீஸ்.

வண்டியின் இன்ஷூரன்ஸ் தேதியை யாரும் மறப்பதில்லை. மறந்தால் போலீஸ் நினைவூட்டும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை போடவேண்டிய ஊசி அது. வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் நாயும் பிழைக்காது, கடிபட்ட மனிதன் பிழைப்பதும் அரிதிலும் அரிது.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். காயத்தில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அந்த ஆயில் டப்பா பக்கம் போகவே வேண்டாம்.